ஒரு சொட்டு ரத்தம் – 9: தெளிந்ததும் பயணப்பட்டதும்

சென்ற இதழில் சிபிலிஸைக் கண்டறியும் வசர்மன் சோதனையோடு நிறுத்தியிருந்தோம். 1906இல் வந்த அந்தச் சோதனைக்கும், அதற்குப் பத்தாண்டு முன்பு பாரிஸில் ஃபெர்னான் விடால் டைஃபாய்டுக்குக் கண்டுபிடித்த சோதனைக்கும் ரத்தம் அப்படியே உதவாது. சிவப்பணுக்களை ஒதுக்கிவிட்டு எஞ்சும் தெளிநீர்தான் வேண்டும். அந்த ஒதுக்கும் வேலையை யார் செய்தார்கள், எதைக்கொண்டு செய்தார்கள் என்று மருத்துவ வரலாற்று நூல்களில் தேடினால் அதிகம் கிடைக்காது. பேரும் புகழும் சோதனைக்குப் போயின. பிரிப்பு லேப் உதவியாளர் தலையில் விழுந்தது. இந்த இதழ் அந்த வேலைக்கு.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் பிள்ளைச்சாவடி. ஒரு பக்கம் மீனவர் குடியிருப்பும், கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் கடலும். சாலையோரம் 1980களில் தொடங்கிய பொறியியல் கல்லூரி, இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வடக்கே காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், அதையும் தாண்டினால் பிம்ஸ் மருத்துவக் கல்லூரி. தெற்கே கோரிமேட்டில் ஜிப்மர். இரண்டு பெரிய மருத்துவமனைகளுக்கு இடையில் இருக்கும் ஊர் என்பதால் இங்கே ரத்தம் பார்ப்பதில் சிக்கல் ஏது என்று தோன்றும். ஆனால் ரத்தக் குழாய்க்குத் தூரத்தைவிட நேரம்தான் எதிரி.

காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், இந்த ஊரில் ஒரு பெரியவரிடம் ரத்தம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். "கையை நீட்டுங்க தாத்தா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." ஊசி வெளியே வந்துவிட்டது, ஆனால் குழாய்க்குள் போன அணுக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. தாத்தா சாப்பிடாமல் இருக்கிறார், அவருடைய சிவப்பணுக்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குளுகோஸை அவை தீர்த்துவிடும். எடுத்தபோது 130 இருந்த சர்க்கரை, நான்கு மணி நேரம் கழித்து 100க்குப் பக்கத்தில் நிற்கும். சர்க்கரை நோயாளி ஒருவர் காகிதத்தில் குணமாகிவிட்டார். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ஃபுளோரைடு இருக்கும். அது அணுக்களின் வாயைக் கட்டும். அதுவும் உடனே கட்டாது, முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் நழுவவிடும்.

பொட்டாசியம் இன்னும் மோசம். பிளாஸ்மாவில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் சரி என்பார்கள். சிவப்பணுவுக்குள் அதைப்போல 25 மடங்குக்கு மேல் இருக்கிறது. வழியில் குலுங்கிச் சில அணுக்கள் உடைந்தால் போதும், அறிக்கையில் பொட்டாசியம் ஏறிவிடும். மருத்துவர் பதறிப்போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். கெடாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஐஸ் பெட்டியில் வைத்தாலும் தப்பில்லாமல் போகாது. குளிரில் அணுவின் சோடியம்–பொட்டாசியம் பம்பு ஓய்ந்துவிடும், உள்ளே இருப்பது மெல்ல வெளியே கசியும். ஆகவே முழு ரத்தம் பயணத்துக்கு ஏற்ற சரக்கு அல்ல. முதலில் அணுக்களைப் பிரிக்க வேண்டும், பிறகு அனுப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடு என்பது இன்றைக்கும் லேப் விதி.

ரத்தம் தானாகவும் பிரியும். உறையாமல் ஒரு கண்ணாடிக் குழாயில் நிற்கவைத்தால், கலங்கிய குளம் தெளிவதுபோல, சிவப்பு அடியில் இறங்கி மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். போலந்து மருத்துவர் எட்மண்ட் பியெர்நாட்ஸ்கி, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை நோய்க்கு அடையாளமாகப் பார்க்கலாம் என்று 1897இல் சொன்னார். சுவீடனின் ராபின் ஃபாரியஸ் 1921இல் அதை விரிவாக ஆராய்ந்தார். இன்று நாம் 'ஈ.எஸ்.ஆர்.' என்று எழுதிக் கொடுக்கும் சோதனை அதுதான். ஃபாரியஸ் ஒரு சுவையான யோசனையையும் சொல்லிவைத்தார்: பழைய கிரேக்கர்கள் உடலில் நான்கு நீர்கள் உண்டு என்று நம்பியதற்குக் காரணம், கண்ணாடிப் பாத்திரத்தில் ரத்தம் உறைந்து அடுக்கடுக்காகப் பிரிவதை அவர்கள் பார்த்ததாக இருக்கலாம் என்பது. அடியில் கருங்கட்டி, அதன்மேல் சிவப்பு, அதன்மேல் வெளிறிய படலம், உச்சியில் மஞ்சள் நீர். நிரூபிக்க முடியாத யோசனைதான். எனக்கு என்னவோ அது பிடித்திருக்கிறது.

தானாக இறங்கும்வரை காத்திருக்க லேப்புக்கு நேரமில்லை. சுழற்றினால் சீக்கிரம் இறங்கும் என்ற அறிவு மருத்துவத்துக்குப் பால் பண்ணையிலிருந்து வந்தது. 1878இல் சுவீடனின் குஸ்தாவ் டி லாவல் பாலிலிருந்து ஆடையைத் தொடர்ந்து பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே நாட்டின் மாக்னஸ் பிலிக்ஸும் ஸ்வென் ஹெடினும் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றிக் கையால் சுழற்றி, அணுக்கள் எத்தனை பங்கு என்று அளந்தார்கள். 1929இல் அமெரிக்காவில் மேக்ஸ்வெல் விண்ட்ரோப் அளவுக்கோடு போட்ட குழாய் ஒன்றை வடிவமைத்தார். நம் மருத்துவக் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு வைவாவில் வியர்த்திருக்கிறார்கள்.

மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் கைப்பிடி சென்ட்ரிஃப்யூஜ் பழைய லேப்களில் இருந்தது. இரண்டு அல்லது நான்கு குழாய்கள் தொங்கும். பல்சக்கரத்தால் கைப்பிடியின் ஒரு சுற்று பல சுற்றாகப் பெருகும். எதிரெதிர்க் குழாய்களின் எடை சமமாக இல்லாவிட்டால் மேசையே ஆடும். ஒரே ஒரு சாம்பிள்தான் இருக்கிறது என்றால், எதிர்ப்பக்கத்தில் அதே அளவு தண்ணீர் நிரப்பிய குழாயை வைக்க வேண்டும். மின்சார இயந்திரம் வந்த பிறகும் இந்த விதி மாறவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இன்றும் இதுதான்.

சுழற்றி எடுத்த குழாயைக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். முக்கால்வாசி விஷயம் கண்ணுக்கே தெரிந்துவிடும். அடியில் ஏறத்தாழ நாற்பத்தைந்து சதவீதம் கருஞ்சிவப்பு. அதன்மேல் நகக்கீற்று அளவுக்கு வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்த சாம்பல்வெள்ளைப் படலம். மேலே பிளாஸ்மா. அது தெளிந்த மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர்மஞ்சளாக இருந்தால் காமாலையை நினைக்க வேண்டும். பால்போலக் கலங்கியிருந்தால் கொழுப்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் எடுத்த விதத்திலோ கொண்டுவந்த விதத்திலோ அணுக்கள் உடைந்திருக்கின்றன. "ஹீமோலைஸ் ஆயிடுச்சு, திரும்ப எடுங்க" என்று வார்டுக்குச் சீட்டுப் போகும். உறையாமல் தடுக்கும் மருந்து சேர்த்துப் பிரித்தால் கிடைப்பது பிளாஸ்மா. சும்மா விட்டு அரை மணி நேரம் உறையவைத்துப் பிறகு சுழற்றினால் கிடைப்பது சீரம். உறைவதற்கான ஃபைப்ரினோஜென் அதில் தீர்ந்துபோயிருக்கும். பத்து நிமிடச் சுழற்சி, பிறகு பைபெட்டை நடுப்படலத்தில் படாமல் இறக்கி, மேலே இருப்பதை மட்டும் உறிஞ்சி வேறு குழாய்க்கு மாற்ற வேண்டும். பேராசைப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை எடுக்கப் போனால் சிவப்பும் கூட வந்துவிடும். அந்தக் காலத்தில் பல லேப்களில் இதை வாயால் உறிஞ்சித்தான் செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்று வயிறு கலங்குகிறது.

இந்தச் சாதாரண வேலை நாட்டின் வரலாற்றில் ஒருமுறை பெரிதாகக் குறுக்கிட்டது. அது நடந்தது சென்னையில்.

1985இன் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். வயது 32, திருமணமாகி இரண்டு குழந்தைகள். எய்ட்ஸ் தமிழகத்தில் இருக்கிறதா என்று பாரேன் என்றார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். நிர்மலாவுக்கு விருப்பமில்லை. பம்பாயிலும் புணேயிலும் நூற்றுக்கணக்கில் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை, இங்கே மட்டும் என்ன கிடைத்துவிடப் போகிறது? நோய் மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் விளைவு, நமக்கு வராது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். வைரஸைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் அடையாளம் கண்டு இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதைக் கண்டறியும் எலைசா சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1985 மார்ச்சில்தான்.

இருநூறு சாம்பிள் எடுப்பது திட்டம். பம்பாயைப்போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பகுதி இல்லை. நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் காத்திருந்து ஓரிரு பெண்களோடு பழகினார்; அவர்கள் மற்றவர்களைக் காட்டினார்கள். கைதான பெண்களை வைத்திருந்த அரசு காப்பகம் அப்படித்தான் தெரியவந்தது. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட சாம்பிள்கள் சேர்ந்தன.

அந்தப் பெண்களிடம் இது எதற்கான சோதனை என்று சொல்லப்படவில்லை. நிர்மலாவே இதைப் பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு ஒப்புதல் தராது. சாதனையைப் பாராட்டுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

இனிதான் நம் விஷயம். சென்னையில் எலைசா பார்க்க வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டி. ஜேக்கப் ஜானின் வைராலஜி துறையில் இருந்தது. ஆனால் ரத்தம் இன்று இரண்டு, நாளை மூன்று என்று சிறுகச் சிறுகத்தான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வேலூர் ஓட முடியாது. முழு ரத்தமாக மூன்று மாதம் வைத்திருக்கவும் முடியாது. சில நாளிலேயே அணுக்கள் உடைந்து எல்லாம் சிவந்துவிடும், எலைசாவின் நிறத்தை நம்ப முடியாமல் போய்விடும். சுனிதி சாலமனின் கணவர் இதய அறுவை மருத்துவர். அவர் உதவியோடு கருவிகளை இரவல் வாங்கிச் சின்னதாக ஒரு தற்காலிக லேப் அமைத்தார்கள். அதில் ஆசிரியரும் மாணவியும் சேர்ந்து ஒவ்வொரு ரத்தத்திலிருந்தும் சீரத்தைப் பிரித்தெடுத்தார்கள். வைக்க வேறு இடமில்லாததால் நிர்மலா வீட்டு ஃபிரிட்ஜில் போய் உட்கார்ந்தது அது.

1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியோடு இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலூருக்குப் போனார்கள். காலை எட்டரைக்குச் சோதனை தொடங்கியது. நடுவில் கரண்ட் போய், எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்த, ஜேக்கப் ஜான் துறையின் ஜார்ஜ் பாபு சட்டென்று மூடிவிட்டார். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டிருந்தார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. மறுபடியும் ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதிசெய்தார்கள். மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது இப்படித்தான் பதிவானது. நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, பிறகு கிண்டி கிங் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார், 2015இல் மறைந்தார்.

வேலூரில் எலைசா இயந்திரம் இருந்தது என்பதைவிட, சென்னையில் ஒரு இரவல் சென்ட்ரிஃப்யூஜ் இருந்தது என்பதே இந்தக் கதையில் தீர்மானமான விஷயம் என்று நான் நினைக்கிறேன். பிரித்த சீரம் காத்திருக்கும். ஃபிரிட்ஜில் நாள்கணக்கில், உறைநிலையில் ஆண்டுக்கணக்கில். 1959இல் பெல்ஜியக் காங்கோவின் லியோபோல்ட்வில்லில் மரபியல் ஆய்வுக்காக ஒருவரிடம் எடுத்த ரத்தத்தின் பிளாஸ்மா அப்படி உறைந்து கிடந்தது. எடுத்தவர்களுக்கு எச்.ஐ.வி. என்ற ஒன்று இருப்பதே தெரியாது. 1986இல் அதில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது; 1998இல் வைரஸின் மரபுத்துண்டையே படித்து, நோயின் வயதைக் கணக்கிட்டார்கள். எடுத்தபோது யாரும் கேட்கவே நினைக்காத கேள்விக்குப் பதில் அந்தக் குழாயில் இருந்தது.

புதுச்சேரிக்குத் திரும்புவோம். இங்கே ரத்தச் சோதனை என்றாலே நெடுங்காலம் யானைக்கால் நோய்ச் சோதனைதான். 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இங்கே கொசு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை பி.கே. ராஜகோபாலன் தலைமையில் நகரத்துச் சாக்கடைகளில் கியூலெக்ஸ் கொசுவை ஒழிக்க நடந்த பெருமுயற்சி உலகளவில் பேசப்பட்டது. அந்த நோயின் சோதனைக்குச் சுழற்ற எதுவும் வேண்டாம். ஆனால் இரவு வேண்டும். நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கி, இரவில்தான் கைகால் ரத்தத்துக்கு வரும். எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகப் போய், விரல் நுனியில் குத்தி, இருபது கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிக்கொள்வார்கள். விடியுமுன் கடலுக்குப் போக வேண்டிய ஊரில், முதல் தூக்கத்தில் கதவைத் தட்டி விரலை நீட்டு என்றால் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

அந்த இரவு வேலையைக் குறைத்தது 1990களின் பிற்பகுதியில் வந்த ஐ.சி.டி. அட்டை. புழுவைத் தேடாமல் புழு விடும் ஆன்டிஜனைத் தேடுவது. ஆன்டிஜன் பகலிலும் பிளாஸ்மாவில் இருக்கும். நூறு மைக்ரோலிட்டர் விரல் ரத்தத்தை அட்டையின் பஞ்சுப் பட்டையில் விட்டால், சிவப்பணுக்கள் அதிலேயே சிக்கி நின்றுவிடும். பிளாஸ்மா மட்டும் ஊறி முன்னே போகும். சரியாகப் பத்து நிமிடத்தில் கோடு பார்க்க வேண்டும். தாமதித்துப் பார்த்தால் இல்லாத கோடு தெரியும். ஆரம்ப ஆண்டுகளில் பல நாடுகளில் இதனால் குழப்பம் வந்தது. பின்னால் வந்த பட்டைக்கு 75 மைக்ரோலிட்டரே போதும். நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று உலக சுகாதார நிறுவன முறைப்படி ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் பார்ப்பது இதைக்கொண்டுதான். மேசையும் மின்சாரமும் கேட்ட இயந்திரத்தின் வேலையை ஒரு பஞ்சுத் துண்டு செய்துவிட்டது.

இந்த யோசனைக்கும் முன்னோடி உண்டு. 1965இல் ஏம்ஸ் கம்பெனி விற்ற டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, அறுபது வினாடி கழித்துத் தண்ணீரில் கழுவி, நிறத்தை ஒப்பிட்டுச் சர்க்கரையைக் கணிப்பார்கள். மேலே இருந்த சவ்வு அணுக்களைத் தடுத்து, குளுகோஸை மட்டும் உள்ளே விட்டது. இன்று பெட்டிக்கடை அண்ணாச்சி வீட்டிலும் இருக்கும் குளுகோமீட்டரின் முப்பாட்டன் அது.

சுழற்றுகிற வழியும் சும்மா இருக்கவில்லை. 2008இல் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு முட்டை அடிக்கும் கைக்கருவியில் பிளாஸ்டிக் குழாயை ஒட்டிப் பிளாஸ்மாவைப் பிரித்துக் காட்டியது. 2017 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து மனு பிரகாஷும் சாத் பம்லாவும் வெளியிட்டது இன்னும் எளிது. பிரகாஷ் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் பம்லா சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர்கள். உகாண்டாவில் ஒரு மருத்துவமனையில் விலையுயர்ந்த சென்ட்ரிஃப்யூஜ் கரண்ட் இல்லாமல் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததைப் பார்த்து பிரகாஷுக்கு வந்த எண்ணம் அது. சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு துளை போட்டு, நூலைக் கோத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து விர்ரென்று சுற்ற வைத்து விளையாடாத தமிழ்ப் பிள்ளை உண்டா? அதே விளையாட்டுச் சாமான்தான். மூடிக்குப் பதில் காகித வட்டு, அதில் ரத்தம் ஏற்றிய நுண்குழாய். நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுகள் வரை போனது. ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மா பிரிந்தது. செலவு இருபது சென்ட்.

செய்தி வந்தபோது உலகமே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் லேப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நுண்குழாயில் கொள்வது இருபது மைக்ரோலிட்டர். அதிலிருந்து வரும் பிளாஸ்மா அதில் பாதி. ரத்தசோகை பார்க்கவும் மலேரியா ஒட்டுண்ணியைத் திரட்டவும் அது போதும். கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு என்று நீளும் சீட்டுக்குப் போதாது. ஒரு காலை வேளையில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும் சுகாதார நிலையத்தில், ஒவ்வொருவருக்கும் நூலை இழுத்துக்கொண்டிருக்க ஆளில்லை. அங்கே இன்னும் எட்டுக் குழாய் பிடிக்கும் மின்சார இயந்திரமும், குழாயின் நடுவில் ஜெல் தடுப்பு வைத்த மஞ்சள் மூடிக் குழாயும்தான் ஓடுகின்றன. சுழற்றியதும் அந்த ஜெல் அணுக்களுக்கும் சீரத்துக்கும் நடுவில் போய்ச் சுவராக நின்றுகொள்ளும். பைபெட் வைத்து உறிஞ்சும் வேலையே இல்லை, குழாயை அப்படியே பெரிய லேப்புக்கு ஏற்றிவிடலாம்.

அட்டைச் சோதனையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பஞ்சில் ஊறிய பிளாஸ்மா பத்து நிமிடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது. நோயாளிக்கு அது லாபம். பிள்ளைச்சாவடிப் பெரியவர் பதிலுக்காக அரை நாள் வேலையை விட வேண்டாம். ஆனால் ஊருக்கு ஊர் கணக்கெடுப்பு நடக்கும்போது பிள்ளைகளிடம் எடுத்த ரத்தத்தில் ஒரு பங்கையாவது பிரித்து உறைநிலையில் வைத்தால், பத்தாண்டு கழித்து வேறொரு நோய்க்கு அதே சீரத்தைக் கேட்கலாம். அதற்கு ஃபிரீசரும் தடையற்ற மின்சாரமும் பதிவேடும் வேண்டும். முன்னதாகவே, இது எதற்கு என்று பெற்றோரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். 1986இல் காப்பகத்துப் பெண்களிடம் கேட்காமல் விட்டதை இங்கே கேட்டாக வேண்டும்.

அடுத்த இதழில்: குழாய் மூடிகளின் நிறங்கள் எப்படி வந்தன, ஜோசஃப் கிளைனரின் வெற்றிடக் குழாய் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைக்கும் வேலையிலிருந்து நர்ஸுகளை எப்படி விடுவித்தது.